பாம்பைப் பழுதை என்றவர்கள்

சீடன்: குருவே, நெடுநாளாக ஓர் ஐயம். 1970களில் அமெரிக்காவில் எடுத்த சதிப் படங்களை விரும்பிப் பார்க்கிறேன். ஒவ்வொன்றிலும் உண்மையைத் தேடுகிறவன் தோற்கிறான், அல்லது சாகிறான், அல்லது பித்தன்போல் ஆகிவிடுகிறான். படம் முடிந்ததும் எழுந்துபோய் வாசல் தாழ்ப்பாளைச் சரிபார்க்கிறேன். மறுவாரமே இன்னொன்றைத் தேடிப் பிடிக்கிறேன். வீண்முயற்சியைப் பார்ப்பதில் என்ன இன்பம்?

குரு: பேய்ப் படம் பார்த்தவனும் தாழ்ப்பாளைத்தான் பார்க்கிறான்.

சீடன்: பேயை நான் நம்புவதில்லை. இவற்றை நம்பிவிடுகிறேன். அதுதான் உறுத்துகிறது.

குரு: அப்படியானால் கேள். வேதாந்திகள் கயிற்றரவு சொல்வார்கள். மங்கல் வெளிச்சத்தில் பழுதைக் கயிறு பாம்பாகத் தெரிகிறது. விளக்கு வந்ததும் பாம்பும் இல்லை, பயமும் இல்லை. நீ சொல்லும் படங்களில் இது தலைகீழ். அங்கே கிடப்பது பாம்புதான். ஆனால் விளக்கோடு வருகிற பெரிய மனிதர், “வெறும் பழுதை, போய்ப் படு” என்கிறார்.

ஆலன் பக்குலா 1974இல் எடுத்த ‘தி பேரலாக்ஸ் வியூ’ இப்படித்தான் தொடங்குகிறது. சியாட்டில் நகரின் ஸ்பேஸ் நீடில் கோபுரத்து உச்சியில் ஒரு செனட்டரைச் சுட்டுவிடுகிறார்கள். அடுத்த காட்சியில் இருண்ட மண்டபம், நீண்ட மேசை, அதன் பின்னே விசாரணைக் குழு. கொலையாளி ஒருவனே, சதி எதுவும் இல்லை என்று தீர்ப்பு. கூட இன்னொருவன் இருந்ததைப் பார்த்துவிட்ட நீயோ இருக்கையில் நெளிகிறாய். அன்றைய அமெரிக்கர்களுக்கு அந்த மேசை பழகிய மேசை. கென்னடியை ஆஸ்வால்ட் தனியாளாகவே கொன்றான் என்று வாரன் குழு 1964இல் சொல்லியிருந்தது. 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் இரண்டே மாத இடைவெளியில் சுடப்பட்டார்கள். ஒவ்வொரு முறையும் ஒற்றை ஆள்.

சீடன்: அந்த இருட்டு ஒளிப்பதிவாளரின் கைவண்ணம் என்பார்களே. படம் பிடித்த அழகுதான் என்னை மயக்குகிறதோ?

குரு: கோர்டன் வில்லிஸை ‘இருளின் இளவரசர்’ என்றே சக ஒளிப்பதிவாளர்கள் அழைத்தார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ‘தி காட்ஃபாதர்’ படத்துக்கும் அவர்தான் ஒளிப்பதிவாளர். அதைப் பார்த்துவிட்டு நீ தாழ்ப்பாளைத் தொடவில்லை. மேலே போ.

சீடன்: இனிக் கேட்கப்போவதுதான் என் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி. நிலவில் மனிதன் இறங்கியது நாடகம், தடுப்பூசி சூழ்ச்சி என்று இன்று எதைச் சொன்னாலும் நம்ப ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களும் என்னைப் போலத்தான் பேசுகிறார்கள்: மேலே இருப்பவர்கள் மறைக்கிறார்கள், சாட்சிகள் சாகிறார்கள், எல்லாம் ஒன்றோடொன்று பின்னியிருக்கிறது என்று. அவர்களுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தவை இந்தப் படங்கள்தாமே? அப்படியானால் நான் ரசிப்பது கலையையா, நோயையா?

குரு: கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டாய். இதை அவசரமாகச் சொல்ல முடியாது.

முதலில் யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்று பார்ப்போம். 1971 மார்ச்சில் பென்சில்வேனியாவின் மீடியா என்ற சிற்றூரில், எஃப்.பி.ஐ. அலுவலகத்துக்குள் சில போர் எதிர்ப்பாளர்கள் புகுந்து கோப்புகளை அள்ளிக்கொண்டு போனார்கள். சொந்த நாட்டு மக்களையே அந்த அமைப்பு உளவு பார்த்ததும், இயக்கங்களை உள்ளிருந்தே குலைத்ததும் அப்படித்தான் வெளியே வந்தன. 1972 ஜூன் 17 அன்று வாட்டர்கேட் கட்டடத்தில் திருடர்கள் பிடிபட்டார்கள். அந்த நூலைப் பிடித்துக்கொண்டே போனால் அது குடியரசுத் தலைவர் நிக்சனின் அறைவரை போயிற்று. 1975இல் செனட்டர் சர்ச் தலைமையிலான குழு விசாரித்தபோது, சி.ஐ.ஏ. வெளிநாட்டுத் தலைவர்களைக் கொல்லத் தீட்டிய திட்டங்கள் அரசு ஆவணங்களாகவே வெளிவந்தன. எந்த இயக்குநரும் இதையெல்லாம் கற்பனை செய்யவில்லை. பாம்பு உண்மையிலேயே கிடந்தது. அதைக் கண்டு பயந்தவனை நோயாளி என்று சொல்ல யாருக்கு உரிமை?

ஆனாலும் இந்தப் பதில் போதாது. பாம்பு ஒரு முறை கிடந்ததால் எல்லாப் பழுதையும் பாம்பு என்று ஆகிவிடாதே. வதந்திக்காரன் இந்த இடத்தில்தான் பிழைக்கிறான். ஆகவே படங்களின் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன் வதந்திக்காரனைப் பார்த்துக்கொள்வோம். ரிச்சர்ட் ஹாஃப்ஸ்டாட்டர் என்ற வரலாற்றாசிரியர் அமெரிக்க அரசியலின் இந்தச் சந்தேகப் போக்கைப் பற்றி 1964இலேயே கட்டுரை எழுதினார். வதந்திக்காரன் சான்று இல்லாமல் பேசுகிறவன் என்று நாம் நினைப்போம். அவர் கண்டது வேறு. அவன் சான்றுகளை மலைபோல் குவிப்பான், பண்டிதர்களைக் காட்டிலும் நுணுக்கமாக அடிக்குறிப்பு போடுவான், கடைசியில் ஒரே தாவலில் நம்ப முடியாத இடத்தில் போய் நிற்பான். இதோடு நான் ஒன்று சேர்க்கிறேன். அந்த மலையில் எங்குமே அவன் இருக்க மாட்டான். ஊரே ஏமாந்திருக்கும், அவன் மட்டும் ஏமாந்திருக்க மாட்டான். விளக்கு எப்போதும் அவன் கையில்தான் இருக்கும், அதன் வெளிச்சம் ஒருநாளும் அவன் முகத்தில் விழாது.

இப்போது ‘தி கான்வர்சேஷன்’ படத்துக்கு வா. வாட்டர்கேட் வெடிக்கும் முன்பே எழுதத் தொடங்கிய திரைக்கதை. கொப்போலா எடுத்தார், 1974இல் கான் விழாவின் முதல் பரிசு பெற்றது. ஹாரி கால் ஒட்டுக்கேட்பதையே தொழிலாகக் கொண்டவன். சான் பிரான்சிஸ்கோவின் யூனியன் சதுக்கத்தில் மதிய வேளைக் கூட்டத்துக்குள் ஓர் ஆணும் பெண்ணும் சுற்றிச்சுற்றி நடக்கிறார்கள். தூரத்திலிருந்தும் பக்கத்திலிருந்தும் ஒலிவாங்கிகள் அவர்களையே குறிவைக்கின்றன. ஹாரி அந்த ஒலிநாடாக்களை ஒன்றோடொன்று இசைத்து, இரைச்சலை வடிகட்டி, புதைந்து கிடந்த ஒரு வாக்கியத்தைத் தோண்டி எடுக்கிறான். வாய்ப்புக் கிடைத்தால் அவன் நம்மைக் கொன்றுவிடுவான் என்பது அதன் பொருள். அவர்களைக் கொல்லப்போகிறார்கள் என்று ஹாரிக்குத் தோன்றுகிறது. தான் முன்பு பதிவுசெய்த ஒலிநாடாவால் ஒரு குடும்பமே கொல்லப்பட்ட பழி அவன் மனத்தில் இருக்கிறது. இம்முறை விடக்கூடாது என்று தவிக்கிறான்.

கடைசியில் கொல்லப்படுவது அந்த ஜோடி இல்லை, அவர்களை ஒட்டுக்கேட்கச் சொல்லிப் பணம் கொடுத்த முதலாளி. அந்த வாக்கியத்தில் அழுத்தம் விழுந்த இடம் வேறு. ‘நம்மைக் கொன்றுவிடுவான்’ என்ற அச்சம், ‘அவன் நம்மைக் கொல்லத் துணிந்தவன், ஆகவே நாம் முந்திக்கொள்ளலாம்’ என்ற சமாதானமாக மாறிவிடுகிறது. ஒலியமைப்பாளர் வால்டர் மர்ச் கடைசியில் அதே வாக்கியத்தின் வேறொரு உச்சரிப்பைப் போட்டு நம் காதையும் ஏமாற்றினார். கவனி, ஹாரி பாம்பைப் பாம்பென்றே கண்டான். தலை எது, வால் எது என்பதில் ஏமாந்தான். நாட்டிலேயே கூர்மையான காது அவனுடையது. தன் குற்றவுணர்வு எதைக் கேட்க விரும்பியதோ அதையே அந்தக் காது கேட்டது. பிறகு அவன் வீட்டிலேயே யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்று தொலைபேசியில் சொல்கிறார்கள். சுவரை உரிக்கிறான், தரைப் பலகையைப் பெயர்க்கிறான், தயங்கித் தயங்கி மாதா சிலையையும் உடைத்துப் பார்க்கிறான். ஒன்றும் அகப்படவில்லை. விளக்கை முகத்துக்கு நேரே திருப்புவது என்றால் இதுதான்.

‘தி பேரலாக்ஸ் வியூ’ இன்னும் கொடியது. சாட்சிகள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள் என்று அஞ்சி ஓடிவந்த பெண் நிருபரை, நாயகனான நிருபன் ஜோ ஃபிராடி அலட்சியம் செய்கிறான். அடுத்து அவள் பிணமாகிறாள். பிறகுதான் அவன் துப்புத் துலக்கக் கிளம்புகிறான். கொலைகாரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிறுவனத்தில் பொய்யான விடைகளோடு சேர்ந்துகொண்டு, தான் அவர்களை ஏமாற்றுவதாக நினைக்கிறான். அங்கே அவனுக்கு ஒரு படம் போட்டுக் காட்டுகிறார்கள்: தாய், வீடு, நாடு, பகைவன் என்ற சொற்களும் நிழற்படங்களும் வரவர வேகமாகிக் கலந்து புரளும் சில நிமிடங்கள். அந்த நேரம் முழுக்கப் பக்குலா ஃபிராடியின் முகத்தை ஒரு முறைகூடக் காட்டுவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து சோதிக்கப்படுவது நீதான். முடிவில் ஒரு மாநாட்டு அரங்கின் கூரையடி நடைபாதையில் ஃபிராடி நிற்க, கீழே ஓர் அரசியல்வாதி சுடப்படுகிறார். எல்லோரும் மேலே பார்க்கிறார்கள். தனியன், வெறி பிடித்தவன், பழைய கொலையையே நினைத்து மனம் கலங்கியவன்: அவர்களுக்குத் தேவையான கொலையாளியை அவனே தன்னிடமிருந்து செய்து கொடுத்துவிட்டான். மீண்டும் அதே மேசை, அதே தீர்ப்பு. இது அறிவிப்பு, கேள்விக்கு இடமில்லை என்று முடிக்கிறார்கள்.

சந்தேகத்தைப் போற்றுகிற படமா இது? சந்தேகமே சதிக்குத் தீனியாகலாம் என்று சந்தேகப் பிராணியிடமே சொல்கிற படம். எந்த வதந்தியும் தன்னைப் பரப்புகிறவனை இப்படி எச்சரித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஒப்பிட வேண்டுமானால் ஆலிவர் ஸ்டோனின் ‘ஜே.எஃப்.கே.’ இருக்கிறது. 1991இல் வந்தது. படத்தொகுப்பில் அதை மிஞ்ச ஆளில்லை. அதன் தாக்கத்தால் கென்னடி கொலை ஆவணங்களைத் திறக்க 1992இல் சட்டமே வந்தது. வழக்கறிஞர் ஜிம் கேரிசன், வாரன் குழுவைக் காலமெல்லாம் சாடியவர், அதே படத்தில் வாரனாகவே நடித்தார் என்பது என்னைச் சிரிக்கவைக்கும் செய்தி. ஆனால் அங்கே நாயகனான கேரிசன் தவறுவதே இல்லை. அவன் பேசுகிறான், நாம் கேட்கிறோம். கேரிசன் கூண்டில் ஏற்றிய க்ளே ஷா என்பவரை ஜூரிகள் 1969இலேயே குற்றமற்றவர் என்று விடுவித்தார்கள். அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு இந்தப் படம் உலகத்தார் கண்முன் அவரை மீண்டும் கூண்டில் ஏற்றியது. பழுதையைப் பாம்பென்று அடித்தால் பழுதைக்கு வலிக்காது. மனிதனுக்கு வலிக்கும்.

ஆகவே உன் இன்பம் எங்கிருந்து வருகிறது என்றால், சதியிலிருந்து இல்லை. கூர்ந்து கேட்கும் ஒருவனை, கூர்ந்து பார்க்கும் ஒருவனை இரண்டு மணி நேரம் பக்கத்திலிருந்து பார்க்கிறாய். அவன் கூர்மை எங்கே மழுங்குகிறது என்பதையும் சேர்த்தே பார்க்கிறாய். உன் பார்வையையே எடுத்து உன் முன்னால் வைக்கிறார்கள். தாழ்ப்பாளைத் தொட்ட கை, ஹாரியின் கை.

சீடன்: குருவே, இன்னும் இருக்கிறேன்.

குரு: இருக்கிறாயா? கேள்.

சீடன்: இவற்றில் பெண்கள் சாகிறார்கள், அல்லது அடைக்கலம் கொடுக்கிறார்கள். வேறு வேலையே இல்லை.

குரு: உண்மை. ‘க்ளூட்’ படம் விதிவிலக்கு. அடுத்தது.

சீடன்: ‘கேப்ரிகார்ன் ஒன்’ படத்தில் செவ்வாய்ப் பயணத்தையே அரங்கில் எடுத்து ஏமாற்றுகிறார்களே. நிலவுக் கதைக்காரர்களுக்கு அது விருந்து ஆயிற்றே?

குரு: அது துரத்தல் படம். நல்ல துரத்தல். விடு.

சீடன்: இது அமெரிக்கர்களுக்கு மட்டும் உரிய வியாதியா?

குரு: கோஸ்டா காவ்ராஸின் ‘இசட்’ பார். கிரேக்க எம்.பி. லாம்ப்ராகிஸ் 1963இல் தெசலோனிக்கியில் தாக்கப்பட்டு இறந்தார். சாலை விபத்து என்றார்கள் அதிகாரிகள். ஓர் இளம் நீதிபதி விளக்கைக் கீழே போடாமல் தளபதிகள்வரை போனார். 1967இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்து விளக்கையே உடைத்தது. படம் அதோடு முடிகிறது. வரலாறு முடியவில்லை. அந்த நீதிபதி சார்ட்செடாகிஸ் 1985இல் அந்த நாட்டின் குடியரசுத் தலைவரானார்.

சீடன்: உண்மை வெல்கிற படமும் ஒன்று இருக்கிறதே. ‘ஆல் தி பிரெசிடென்ட்ஸ் மென்’. இரண்டு நிருபர்கள், ஒரு குடியரசுத் தலைவரின் வீழ்ச்சி. அதற்கு உங்கள் கணக்கு பொருந்துமா?

குரு: கடைசிக் காட்சியை நினைத்துப் பார். 1973 ஜனவரி. செய்தி அறையில் தொலைக்காட்சிப் பெட்டி. அதில் நிக்சன் இரண்டாம் முறை பதவியேற்கிறார், பீரங்கிகள் முழங்குகின்றன. பின்னால் இருவரும் தலை நிமிராமல் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார்கள். இவர்களும் ஒரு முறை சாட்சி சொன்னதைத் தப்பாகப் புரிந்துகொண்டு, வெள்ளை மாளிகை மறுத்ததில் முகம் தொங்கிப் போனவர்கள், அதையும் இந்தப் படத்தை எடுத்த பக்குலா விடாமல் காட்டிவிட்டார். நிக்சன் பதவி விலகியது 1974 ஆகஸ்டில். அந்த வெற்றியைப் பக்குலா காட்சியாக எடுக்கவே இல்லை. தொலையச்சில் சில வரித் தலைப்புகளாக ஓடவிட்டார், அவ்வளவுதான்.