கல் பெண்ணான மறுநாள்

குடும்பத்தில் ஒருவரை மன்னித்துவிட்டோம் என்று சொல்கிறோமே, அப்போது உண்மையில் என்ன செய்கிறோம்? மன்னிப்பு பெரிய குணம் என்று சமய வகுப்பில் எல்லாரும் படித்திருக்கிறோம். மன்னித்த மறுநாள் வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்றுதான் யாரும் சொல்லித் தருவதில்லை. இந்தக் கேள்வியை என் மனத்தில் ஆழமாகப் பதித்தது புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' என்ற சிறுகதை.

புதுமைப்பித்தனின் இயற்பெயர் சொ. விருத்தாசலம். 1906-இல் பிறந்து 1948-இல் மறைந்தவர். இந்தக் கதை 1943-இல் 'கலைமகள்' இதழில் வந்தது. நடந்ததாக நமக்குச் சொல்லப்பட்டதை எடுத்துக்கொண்டு, "அதுக்கப்புறம் என்ன ஆகியிருக்கும்?" என்று கற்பனை செய்யும் கதை இது.

அகலிகை வரலாறே ஒரே மாதிரி சொல்லப்பட்டதில்லை. வால்மீகியில் அவள் கல்லாகவில்லை. காற்றையே உணவாகக் கொண்டு, சாம்பலில் கிடந்து, யார் கண்ணுக்கும் படாமல் தவமிருக்கிறாள். சாபம் தீர்ந்ததும் ராமனும் லட்சுமணனும் அவள் பாதத்தைத் தொட்டு வணங்குகிறார்கள். கம்பரிடத்தில் அவள் கல். ராமனின் பாதத்துகள் பட்டுப் பெண்ணாகிறாள். அவள் உள்ளத்தால் பிழை செய்யாதவள், ஏற்றுக்கொள் என்று விசுவாமித்திரர் கௌதமரிடம் சொல்கிறார். நாம் கேட்கும் சொற்பொழிவுகள் பெரும்பாலும் அங்கேயே மங்களம் பாடி முடிந்துவிடும். புதுமைப்பித்தன் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்.

அவருடைய கௌதமர் கெட்டவர் அல்ல. மனைவி மேல் கோபம் துளியும் இல்லை. சாபம் கொடுத்த தன்னையே நொந்துகொள்கிறார். ஆனால் அகலிகையால் இயல்பாக இருக்க முடியவில்லை. ஒரு வார்த்தை பேசுவதற்குள் அதில் வேறு அர்த்தம் வருமோ என்று பயப்படுகிறாள். மற்ற ரிஷி பத்தினிகள் அவளைக் கண்டு ஒதுங்கிப் போகிறார்கள். புருஷன் மன்னித்தாச்சு, ஊர் மன்னிக்கவில்லை. வனவாசம் முடிந்து சீதை பார்க்க வருகிறாள். நெருப்பில் இறங்கியதைச் சொல்கிறாள். அகலிகைக்கு அதிர்ச்சி. தன்னை மன்னித்து உயிர் கொடுத்த அதே ராமனா இதைக் கேட்டான்? ஊருக்கு நிரூபிக்க வேண்டாமா என்று சீதை சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை அகலிகையால் தாங்க முடியவில்லை. முடிவில் அவள் மறுபடியும் கல்லாகிறாள்.

"இப்படிப்பட்ட கதையை இந்து இளைஞர்கள் படிக்கலாமா? ராமனைக் குறை சொல்வது போல இருக்கே" என்று பெரியவர்கள் சிலர் கேட்பதுண்டு. அந்தக் கவலையை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். கம்பனைத் தொடாமல் இதை மட்டும் படிக்கிறவன், இதுதான் ராமாயணம் என்று நினைத்துவிடலாம். அதனால் முதலில் மூலத்தை வாசியுங்கள். ஆனால் நம் மரபு கேள்விக்குப் பயந்த மரபு அல்ல. காலையில் நினைக்கத் தகுந்த ஐந்து பெண்களில் முதல் பெயராக அகலிகையை வைத்த மரபு இது. அவள் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்று யோசிப்பதும் ஒருவகையில் அவளை நினைப்பதுதான்.

இந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று. நிரூபணம் சந்தேகத்தைத் தீர்க்காது. அக்கினியே சாட்சி சொன்ன பிறகும், உத்தர காண்டத்தில் ஊர் பேசியது. சீதை காட்டுக்குப் போனாள். அதற்கு மேல் எந்தச் சாட்சியைக் கொண்டு வருவது?

இது அயோத்தியில் மட்டும் நடப்பதல்ல. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியிலும் நடக்கும், கிள்ளான் தாமான் வீட்டிலும் நடக்கும். போதைப் பழக்கத்தை விட்டுத் திரும்பிய அண்ணன் பாத்ரூமில் ஐந்து நிமிடம் கூட இருந்தால் கதவு தட்டப்படும். வீட்டுக்குச் சொல்லாமல் கல்யாணம் செய்து, பிறகு சேர்ந்துகொண்ட அக்காவிடம் தீபாவளிக்குத் தீபாவளி யாராவது ஒரு சித்தி பழைய கதையை எடுப்பார். "மன்னிச்சாச்சு" என்று சொன்ன வாய்தான் கைப்பேசியைக் காட்டச் சொல்கிறது. திரும்பி வந்தவர்கள் சண்டை போடுவதில்லை. பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லாவார்கள்.

அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டுமா? வேண்டியதில்லை. சூதாட்டத்தில் வீட்டுப் பணத்தைத் தொலைத்த தம்பியிடம் உடனே பீரோ சாவியைக் கொடுக்க முடியாது. "இப்போதைக்குச் சாவி அம்மாகிட்ட இருக்கட்டும்டா" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். அது எச்சரிக்கை, அவனுக்கும் தெரிந்த எச்சரிக்கை. சாவியைக் கொடுத்துவிட்டு ராத்திரி ரகசியமாகப் பணத்தை எண்ணிப் பார்ப்பதுதான் அக்கினிப் பரீட்சை. அடிக்கிறவரை, இன்னும் திருந்தாதவரை மன்னித்து வீட்டுக்குள் வைத்திருக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்பது முதலில் எடுக்க வேண்டிய முடிவு. சேர்த்துக்கொண்ட பிறகு தினமும் தீ மூட்டக் கூடாது என்பதுதான் என் வாதம்.

இன்னொன்றும் உண்டு. வீடு மன்னித்தால் மட்டும் போதாது. ரிஷி பத்தினிகளாக அந்தக் கதையில் வருவது நாம்தான். கோயில் அன்னதான வரிசையில் ஒருவரைப் பார்த்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் குசுகுசுவென்று பேசுகிறோமே, அங்கே நாமும் ஒரு சாபத்தைப் புதுப்பிக்கிறோம்.

தம்பி தங்கைகளே, 'சாபவிமோசனம்' சிறிய கதைதான். ஒரே மூச்சில் படித்துவிடலாம். படித்த பிறகு உங்கள் குடும்பத்தில் திரும்பி வந்தவர் யார் என்று யோசியுங்கள். அவரிடம் பழையதைத் தொடாமல் ஒரு சாதாரணப் பேச்சுப் பேசுங்கள். "சாப்பிட்டாச்சா?" போதும்.