பையனின் பேரேடு

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு நண்பர் வீடு. அவர் நைட் ஷிஃப்டுக்குப் போயிருந்தார். மணி ஒன்பதானதும் அவர் மனைவி ஃப்ரிட்ஜிலிருந்து ஊசியை எடுத்தார். பத்து வயசுப் பையன் பேசாமல் தொடையைக் காட்டினான். வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு. தினமும் ஒரு ஊசி.

"தீபாவளிக்குக்கூட லீவு இல்லையாடா?"

"சுரங்கத்து பம்ப் மாதிரி அங்கிள்!" என்றான்.

ஊர்க்காரப் பிள்ளை. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் ஊற்றுநீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. இராப்பகலாக இறைக்காவிட்டால் சுரங்கத்துக்குள் தண்ணீர் வந்துவிடும் என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும்.

வாரத்துக்கு ஒரே ஒரு முறை போடும் ஊசியும் வந்துவிட்டது. அமெரிக்காவில் 2021-ல் ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது, 2023-ல் இன்னும் இரண்டுக்கு. விலைதான் அதிகம். 'அதைப் போட்டால் கூடுதலாக வளர்வானா?' என்பது நண்பரின் கேள்வி. 224 குழந்தைகளை வைத்து ஓராண்டு நடந்த ஒரு சோதனையில், வார ஊசிக்காரர்கள் சராசரியாக 10.1 சென்டிமீட்டர் வளர்ந்தார்கள். தினசரி ஊசிக்காரர்கள் 9.8. வித்தியாசம் மூன்றே மில்லிமீட்டர்!

'அப்புறம் எதுக்கு அதிகக் காசு?' பி.காம். படித்த என் புத்தி உடனே கணக்கை மூடப் பார்த்தது. பிறகுதான் உறைத்தது, இதில் பையனின் பேரேடு சேரவே இல்லை. வருஷத்துக்கு 365 குத்தா, 52 குத்தா? எட்டு வருஷம் போட்டால் சுமார் 2,500 குத்து மிச்சம். எந்த ஸ்கேலிலும் அது தெரியாது. சலித்துப்போய் அடிக்கடி தவறவிட்டால் வளர்ச்சியும் குறையும்.

மறுபக்கமும் இருக்கிறது. மரபணு முறையில் தயாராகும் தினசரி ஊசி 1985-லிருந்து புழக்கத்தில் உள்ளது. நம் உடம்பு இந்த ஹார்மோனை விட்டுவிட்டுத்தான் சுரக்கும், அதுவும் அதிகமாக ஆழ்ந்த தூக்கத்தில். வாரம் முழுக்க ரத்தத்தில் தங்கும் மருந்தின் நீண்டகால விளைவை டாக்டர்கள் இன்னும் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே, கடன் வாங்கி வார ஊசி போடாத தகப்பனைப் பாசமில்லாதவர் என்று சொல்லிவிடாதீர்கள்.

நண்பரிடம் நான் சொன்னது இதுதான்: "டாக்டரைக் கேளுங்க, பாங்க் பாஸ்புக்கைப் பாருங்க. ஆனா, பேசி முடிவெடுக்கும்போது பையனையும் பக்கத்துல உட்கார வச்சுக்குங்க."

நீங்களும் யோசித்துப் பாருங்கள். பிள்ளையின் நன்மைக்காக நாம் எடுத்த முடிவுகளில் எத்தனை, 'நீ போய் வெளியில விளையாடு' என்று அவனை அனுப்பிவிட்டு எடுத்தவை?