யாருக்காக இந்தத் தூக்கம்?

எங்கள் தெரு இரவுப் பள்ளியில் பத்தாவது படிக்கிற பிள்ளை ஒருத்தி ஒருநாள் கேட்டாள்: "அண்ணே, பைலட் வேலைக்குப் போனா ராத்திரி தூங்க விடுவாங்களா?"

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய அப்பா நகராட்சியில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. குப்பை வண்டியில் நகராட்சியின் பெயர் பெரிசாக எழுதியிருக்கும். கூலி கொடுப்பதோ காண்ட்ராக்டர். விடிகாலை நாலரைக்குப் பேர் கொடுக்க வேண்டும். வேலை என்றால் முதலில் பறிபோவது தூக்கம்தான் என்பது அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தராத பாடம்.

"அதெல்லாம் பெரிய வேலைம்மா, நல்லாத் தூங்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மரியாதையான வேலை என்றால் உடம்புக்கும் மரியாதை இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டு சொன்ன பதில். பிறகு தேடிப் படித்தபோதுதான் தெரியாமல் பொய் சொல்லியிருக்கிறேன் என்று புரிந்தது.

அமெரிக்காவில் பெரிய விமானக் கம்பெனிகள் சிறு நகரங்களுக்குப் போகும் விமானங்கள் பலவற்றைத் தாங்களே ஓட்டுவதில்லை. வட்டாரக் கம்பெனிகளிடம் ஒப்பந்தத்துக்கு விட்டுவிடுகின்றன. டிக்கெட்டில் பெரிய கம்பெனியின் பெயர். விமானத்தின் மேல் பெரிய கம்பெனியின் வண்ணம். உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிறவருக்குச் சம்பளம் தருவது வேறொரு கம்பெனி. நமக்கு எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதல்லவா?

இந்த விமானிகள் ஒரே நாளில் நாலு தடவை, ஐந்து தடவைகூட ஏறி இறங்க வேண்டியிருக்கும். மழையோ பனியோ, கிளம்புமுன் கீழே இறங்கி டார்ச் விளக்கோடு விமானத்தைச் சுற்றிவந்து சக்கரம், இறக்கை, எஞ்சின் எல்லாம் பார்க்க வேண்டும். கூலிக் கணக்கோ வழக்கமாக விமானம் நின்ற இடத்தைவிட்டு நகரும்போது தொடங்கி, போய்ச் சேர்ந்து நிற்கும்போது முடிந்துவிடும். நடுவில் காத்துக்கிடக்கும் மணிகள் பெரும்பாலும் கணக்கில் வராது. சாப்பாட்டுப் படி கொஞ்சம் உண்டு. வேலை தொடங்கும் ஊரில் வீடு எடுக்கக் கட்டுப்படியாகாதவர்கள் பலபேர் சேர்ந்து விமான நிலையத்துக்குப் பக்கத்தில் அடுக்குக்கட்டில் போட்ட அறையை வாடகைக்குப் பிடிப்பார்கள். தங்கப் பட்டை வைத்த சட்டை அந்த அறை ஆணியில் தொங்கும்.

2009 பிப்ரவரி 12 இரவு, கோல்கன் ஏர் என்கிற வட்டாரக் கம்பெனியின் விமானம் நியூவார்க்கிலிருந்து பஃபலோ போனது. அதன்மேல் எழுதியிருந்த பெயர் காண்டினென்டல். தரையிறங்கப் போகும் நேரத்தில் ஒரு வீட்டின்மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டில் இருந்த ஒருவரும் செத்தார்கள்.

துணை விமானிக்கு 24 வயது. சியாட்டில் பக்கத்தில் பெற்றோர் வீட்டில் இருந்தவர். வேலை தொடங்குமிடமோ நாட்டின் மறுகோடி. முந்தின இரவு முழுக்கச் சரக்கு விமானங்களில் இடம் கேட்டு, நடுவில் மெம்ஃபிஸில் மாறி, விடிகாலையில் நியூவார்க் வந்து சேர்ந்தார். சளி பிடித்திருந்தது. லீவு போட்டால் சொந்தக் காசில் ஓட்டலில் தங்க வேண்டும் என்று அவர் பேசியது ஒலிப்பதிவுக் கருவியில் இருக்கிறது. அவருடைய ஆண்டுச் சம்பளம் சுமார் 16,000 டாலர் என்று விசாரணையில் பேசப்பட்டது. அதைவிட அதிகம் என்றது கம்பெனி. தலைமை விமானிக்கு 47 வயது. அவரும் முந்தின இரவை நியூவார்க் விமான நிலையத்தில் ஊழியர்கள் ஓய்வறையில் கழித்தவர்.

வேகம் குறைந்து எச்சரிக்கை வந்தபோது மூக்கைக் கீழே தள்ள வேண்டிய தலைமை விமானி மேலே இழுத்தார். அதுதான் காரணம் என்று 2010-இல் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தீர்ப்புச் சொன்னது. இருவரும் களைத்திருக்கக்கூடும், ஆனால் அது எவ்வளவு பங்கு என்று அறுதியிட முடியாது என்றது. கை யாருடையது என்று கண்டுபிடிப்பது சுலபம். அந்தக் கையை அந்த இரவில் அந்த நிலையில் கொண்டுவந்து வைத்தது யார் என்கிற கேள்விக்குத்தான் கருவி கிடையாது.

செத்த பயணிகளின் குடும்பங்கள் விடவில்லை. பதினெட்டே மாதத்தில், 2010 ஆகஸ்டில், சட்டம் வந்தது. அதையொட்டி 2014 ஜனவரியிலிருந்து, வேலைக்குமுன் பத்து மணிநேர ஓய்வு, அதில் எட்டு மணிநேரம் தொந்தரவில்லாமல் தூங்க வாய்ப்பு என்று விதி நடைமுறைக்கு வந்தது. அந்தக் குடும்பங்களுக்கு என் வணக்கம்.

ஆனால் அந்த விதி சரக்கு விமானிகளுக்குக் கிடையாது. செலவைவிடப் பலன் குறைவு என்று கணக்குப் போட்டு விட்டுவிட்டார்கள். அதே வானம், அதே இரவு, அதே மனுச உடம்பு. பின்னால் பெட்டிகள் இருந்தால் ஒரு தூக்கம், ஆட்கள் இருந்தால் ஒரு தூக்கம். அந்த 24 வயதுப் பெண்ணை இரவெல்லாம் சுமந்து கொண்டுவந்த சரக்கு விமானிகள், அவர் சாவால் வந்த விதிக்கு வெளியே நிற்கிறார்கள்.

இங்கேதான் என் கேள்வி. தொழிலாளியின் தூக்கம் யாருக்குச் சொந்தம்? அந்தச் சட்டம் விமானியைத் தூங்கவைத்தது அவருக்குத் தூக்கம் வரும் என்பதற்காக அல்ல. அவருக்குப் பின்னால் டிக்கெட் வாங்கியவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக. சம்பளமும் அப்படித்தான். 2022-இல் விமானிகள் பற்றாக்குறை வந்ததும் வட்டாரக் கம்பெனிகளில் கிடுகிடுவென ஏறியது. ஆள் கிடைக்காமல்போனதும் காசு வந்தது. 2009-லும் அவர்கள் மனுசர்களாகத்தானே இருந்தார்கள்? விலை உள்ளது வேறு, மாண்பு உள்ளது வேறு என்று காண்ட் 1785-லேயே பிரித்துக் காட்டினார். சந்தைக்குத் தெரிந்தது முதலாவது மட்டும்தான்.

பைலட்டையும் மலக்குழியில் இறங்குகிறவரையும் ஒரே தட்டில் வைக்கிறாயா என்று தோழர்கள் கோபப்படலாம். நியாயம்தான். வைக்கவில்லை. பைலட் தன் சட்டையைப் பெருமையோடு போடுகிறார், அடுத்த படிக்குப் போக அவருக்கு வழி இருக்கிறது, பிறப்பு அவரை அந்த இருக்கையில் கட்டிப்போடவில்லை. சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்குவது என்று 1936-இல் அண்ணல் அம்பேத்கர் சொன்ன இடத்துக்கு இந்த ஒப்பீடு எட்டாது. நான் சொல்வது வேறு. சட்டை, தொப்பி, ஆங்கிலம், வானம் எல்லாம் இருந்தும் ஒரு தொழிலாளியின் உடம்பு அடுத்தவருக்குப் பயன்படும் அளவுக்கே மதிக்கப்படுகிறது என்றால், பின்னால் யாருமே உட்காராத தொழிலாளியின் கதி என்ன?

அதற்கும் பதில் நமக்குத் தெரியும். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதற்கு எதிராக 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் இன்னொரு சட்டம். 2014-இல் உச்சநீதிமன்றம் சாக்கடைச் சாவுக்குப் பத்து லட்சம் என்றது. 2023-இல் முப்பது லட்சம் என்றது. செத்தபிறகு கொடுக்கும் தொகை ஏறுகிறது. சாவு நிற்கவில்லை. குழிக்குள் போனவருக்குப் பின்னால் பயணிகள் இல்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு மேலே நிற்கிறவர்கள்தான் இருக்கிறார்கள்.

இது எனக்கு வெறும் தத்துவ விசாரம் இல்லை. எங்கள் ஊர்த் துப்புரவுத் தொழிலாளர் சங்கம் நாலரை மணிப் பேர்கொடுப்பை ஆறு மணியாக்கக் கேட்டு மனு எழுதியது. எழுதும் வேலை என் தலையில். மூத்த தோழர் சொன்னார்: "தூக்கம் இல்லன்னா விபத்து நடக்கும், பொதுமக்களுக்கு ஆபத்துன்னு போடுப்பா. அப்பத்தான் அதிகாரி காதுல ஏறும்." அவர் சொன்னது அனுபவம். அமெரிக்காவிலும் அப்படித்தானே ஜெயித்தார்கள்? ஆனால் அப்படி ஜெயித்தால் பொதுமக்களுக்கு ஆபத்தில்லாத வேலை செய்கிறவர் சரக்கு விமானி மாதிரி வெளியே நிற்பார். அந்தத் தர்க்கத்தை நாமே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகவும் ஆகும்.

அந்தப் பிள்ளையிடம் போய் என் பதிலைத் திருத்திச் சொன்னேன். பின்னாடி ஆள் உட்கார்ந்திருந்தா தூங்க விடுவாங்கம்மா என்றேன். கொஞ்சம் யோசித்தாள். "எங்கப்பா வண்டியில பின்னாடி குப்பைதானண்ணே இருக்கு" என்றாள்.

ராத்திரி உட்கார்ந்து மனுவை முடித்தேன். தோழர் சொன்ன ஆபத்தை இரண்டாவதாகப் போட்டேன். பொய் இல்லை, இருக்கட்டும். முதல் வரி இது: எங்களுக்குத் தூக்கம் வருகிறது, தூங்க வேண்டும். தோழர் படித்துவிட்டு, "இதுக்கு என்னப்பா காரணம் காட்டுவ?" என்று கேட்டார்.

காரணம் காட்டத் தேவையில்லை என்பதுதான் எங்கள் கோரிக்கையே என்றேன். வரி அப்படியே போயிருக்கிறது.