ஆற்றுப்படுத்தலில் நாடி வருவோரும் மறைகாத்தலும் – தோழியின் அறத்தொடு நிலை வழி ஒரு நோக்கு

முன்னுரை

தொல்காப்பியச் சிறப்புப்பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாக வேங்கடத்தைச் சுட்டுகின்றது. அம்மலையின் அடிவாரத்திலுள்ள திருப்பதியும் அதன் தென்மேற்கே அமைந்த சித்தூரும் இன்று ஆந்திர மாநிலத்தைச் சார்ந்தவை. 1911இல் அமைந்த சித்தூர் மாவட்டத்திலிருந்து 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி உள்ளிட்ட பகுதிகள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் மாறியபோதும் வீட்டில் தமிழும் வெளியில் தெலுங்கும் பேசும் குடும்பங்கள் நகரி, சத்தியவேடு, குப்பம், சித்தூர்ப் பகுதிகளில் தொடர்ந்து வாழ்கின்றன. இத்தகைய நிலப்பகுதியில் உளநல ஆலோசனையை நாடி வருவோர் ஒரு தன்மையர் ஆகார். நாடி வருவோரின் தேவைகள் வேறுபடும்போது ஆலோசகரின் கடமை மட்டும் ஒன்றாக இருத்தல் கூடுமா என்னும் வினாவை, மறைகாத்தல் என்ற ஒரு கூறினை முன்வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

ஆலோசனைப் பணியைக் குறிக்க 'ஆற்றுப்படுத்தல்' என்னும் சொல் தமிழில் வழங்குகின்றது. பத்துப்பாட்டிலுள்ள ஆற்றுப்படைகள் ஐந்தனுள் திருமுருகாற்றுப்படை பாட்டுடைத் தலைவனால் பெயர்பெற, ஏனைய நான்கும் பொருநர், பாணர், கூத்தர் என ஆற்றுப்படுத்தப்படுவோரால் பெயர்பெறுகின்றன. வழிகாட்டுவோனை விட வழி வேண்டுவோனே இலக்கியத்தின் பெயருக்கு உரியவனாதல் நோக்கத்தக்கது. எனினும் வேறுபாடு ஒன்றுண்டு. ஆற்றுப்படையில் சென்று சேரும் இடம் முன்னரே அறியப்பட்டது. உளநல ஆலோசனையில் அவ்விடத்தை நாடி வந்தவரே கண்டறிதல் வேண்டும்.

நாடி வருவோர் வகை

நாடி வருவோரை அவர் வந்த முறைகொண்டு நான்காகப் பகுக்கலாம். தாமே வருவோர், பிறரால் அழைத்து வரப்படுவோர், மருத்துவரால் அனுப்பப்படுவோர், சட்டத்தால் அனுப்பப்படுவோர் என்பன அவை. திருவேங்கடவன் பல்கலைக்கழகம் 1954இலும், பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் 1983இலும், இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2015இலும் தோன்றிய திருப்பதி ஒரு கல்வி நகரமாகும். ஆங்குத் தேர்வு அச்சத்தால் தாமே வரும் மாணவருக்கும், பாடப்பிரிவை மாற்ற விரும்பியதற்காகப் பெற்றோரால் அழைத்து வரப்படும் மாணவருக்கும் தேவை ஒன்றன்று. பின்னவர் பொருட்டு முதலில் தீர்க்கப்பட வேண்டிய ஐயம், ஆலோசகர் யாருக்கு உரியவர் என்பதே. 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் வழி ஆலோசகர்முன் அமரும் கணவனும் மனைவியும் ஒரே அறையில் இருப்பினும், ஒருவர் இணக்கத்தையும் மற்றவர் பாதுகாப்பையும் வேண்டி வந்திருக்கலாம். மருத்துவமனையிலிருந்து வருபவர் பெரிதும் வேண்டுவது நோய் பற்றிய தெளிவாகும்.

வகைப்படுத்தலின் இடர்

இப்பகுப்பு பயன்தருவதாயினும் இடர் உடையது. அக இலக்கியத்தில் தலைவியின் மெலிவு கண்ட தாய் வேலனை அழைத்து வெறியாட்டு நிகழ்த்துகின்றாள். வேலன் நோயை முருகனால் வந்ததென்கின்றான். அவன் அறிந்த நோய் அதுவொன்றே. தலைவியை அவன் வினவவில்லை. 'இவர் மாணவர், ஆகவே தேர்வச்சம்', 'இவர் மருமகள், ஆகவே மாமியார் பூசல்' என முன்முடிவு கொள்ளும் ஆலோசகரும் வேலன் நின்ற இடத்திலேயே நிற்கின்றார். எனவே வகை என்பது வினாவைத் தொடங்குதற்குரியது; விடையாகக் கொள்ளத்தக்கதன்று.

மொழியும் இவ்வாறே கருதத்தக்கது. பதிவேட்டில் தெலுங்கு எனக் குறிக்கப்பட்டவர் துயரைத் தமிழில் மட்டுமே சொல்ல இயல்பவராக இருக்கலாம். 2022 அக்டோபர் 10இல் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் என்னும் 14416 தொலைபேசிச் சேவை, தமிழ், தெலுங்கு உட்படப் பல மொழிகளில் அமைந்தமை இத்தேவையை ஏற்றுக்கொண்டமைக்குச் சான்றாகும்.

தோழியின் அறம்

வேலன் அறியாததைத் தோழி அறிவாள். எனினும் அவள் அறிந்த அன்றே உரைப்பதில்லை. வெறியாட்டு, நொதுமலர் வரைவு முதலியவற்றால் தலைவிக்கு இடையூறு நேரும் நிலையிலேயே அறத்தொடு நிற்கின்றாள். தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தை தன்னையர்க்கும் அறத்தொடு நிற்பர் என்பது இலக்கண மரபு. மறை ஊர்க்கு உரைக்கப்படவில்லை. அறிய வேண்டிய ஒருவர்க்கே உரைக்கப்படுகின்றது. உரைக்கும் முறைகளைத் தொல்காப்பியம் ஏழாகப் பகுத்து, உண்மை செப்பலை இறுதியில் வைத்துள்ளமையும் கருதத்தக்கது.

சட்டம் காட்டும் நெறி

2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் இதனோடு ஒப்பிடத்தக்கது. ஒருவரின் தொற்று நிலையை அவர்தம் துணைவருக்கு அறிவிக்கும் உரிமையை மருத்துவருக்கும் ஆலோசகருக்கும் மட்டுமே அது வழங்குகின்றது. துணைவருக்குத் தொற்றும் இடர் மிகுதியாக இருத்தல் வேண்டும். தாமே கூறுமாறு முதலில் ஆற்றுப்படுத்தியிருத்தல் வேண்டும். அவர் கூறார் எனத் தெளிந்திருத்தல் வேண்டும். அறிவிக்கப்போவதை அவரிடமே முன்னர்த் தெரிவித்திருத்தல் வேண்டும். மேலும், அறிவித்தலால் ஒரு பெண்ணுக்கு வன்முறையோ கைவிடப்படுதலோ நேரும் என அஞ்சத்தக்க நிலையில் அவள் துணைவருக்கு அறிவித்தல் கூடாது எனவும் விதிக்கின்றது. நாடி வந்தவர் யார் என்பதற்கேற்பக் கடமை வேறுபடுதலைச் சட்டமே ஏற்றமைக்கு இது சான்றாகும்.

ஆயினும் ஒப்புமை முழுமையானதன்று. தோழி உரைப்பது தலைவியின் விருப்பத்தை நிறைவேற்றுதற்கு. ஆலோசகர் அறிவிப்பதோ நாடி வந்தவரின் விருப்பத்திற்கு மாறாகப் பிறிதோர் உயிரைக் காத்தற்கு. ஆதலின் 'அறத்தொடு நிலை' எப்பொழுது மறையை வெளியிடலாம் என்பதற்கு முழு விடை தரவில்லை. எவ்வாறு வெளியிடல் வேண்டும் என்பதற்கே நெறி தருகின்றது.

சிறார் நிலை இன்னும் அரியது. 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, சிறார்மீது பாலியல் குற்றம் நிகழ்ந்ததை அறிந்தவர் அதனைக் காவல்துறைக்குத் தெரிவித்தல் கட்டாயமாகும். 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என உறுதி கூறி ஒரு சிறுமியைப் பேசச் செய்து, பின் அவ்வுறுதியைக் கைவிடும் ஆலோசகர் ஏற்கெனவே ஏமாற்றப்பட்ட ஒருத்தியை மீண்டும் ஏமாற்றியவராவார். எனவே மறைகாத்தலின் எல்லையை முதல் அமர்விலேயே, அவருக்கு விளங்கும் மொழியில் கூறுதல் அறமாகும்.

முடிவுரை

நாடி வருவோரை அறிதல் என்பது அவரை ஒரு வகையுள் அடக்குதல் அன்று என்பதும், அவர் வந்த முறையும் மொழியும் சார்ந்திருப்போரும் அவர்தம் தேவையைத் தீர்மானிக்கின்றன என்பதும் மேற்கண்ட ஆய்வால் பெறப்படுகின்றன. ஆலோசகரின் செயல்கள் வேறுபடலாம். காக்க இயலாத உறுதியை அளிக்காமை மட்டும் யாவர்க்கும் ஒன்றாக நிற்றல் வேண்டும். மறையைக் காத்தலும் தேவையுற்றபோது உரியவர்க்கு மட்டும் உரைத்தலும் ஒரே அறத்தின் இரு கூறுகள் என்பதைத் தோழியின் அறத்தொடு நிலை உணர்த்துகின்றது.