கணக்குக் கேட்பது அவமதிப்பா?

நம் சங்கங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இந்தக் காட்சியைப் பலரும் கண்டிருப்பீர்கள். பொருளாளர் வரவு செலவை வாசித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "இதரச் செலவு என்று போட்டிருக்கிறதே, அது என்ன?" என்று கேட்பார். உடனே கூட்டத்தில் சலசலப்பு. "ஹாஜியாரையே சந்தேகப்படுகிறீரா?" என்று பக்கத்திலிருப்பவர் அவர் கையைப் பிடித்து உட்கார வைப்பார். ஹாஜியாரின் முகம் வாடிவிடும். கேட்டவரோ பெரும் பாவம் செய்துவிட்டவர்போலத் தலைகுனிந்து சாப்பாட்டுக்குப் போவார்.

இதே மனிதர்கள் தங்கள் கடையில் என்ன செய்கிறார்கள்? பெட்டியடியில் சொந்தத் தம்பி மகனே உட்கார்ந்திருந்தாலும், இரவில் கல்லாவை எண்ணிச் சிட்டையோடு ஒத்துப் பார்க்காமல் கதவைச் சாத்துவதில்லை. அதை அந்தப் பிள்ளை அவமதிப்பாகக் கருதுவதுமில்லை. கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளப் பணிக்கும் வசனமே குர்ஆன் ஷரீபில் மிக நீண்ட வசனம் என்பது நாம் அறிந்ததுதானே!

அன்னை கதீஜா (ரலி) அவர்கள் தங்கள் சரக்கை ஒப்படைத்து ஷாம் தேசத்துக்கு அனுப்பியது யாரை? மக்கா நகரமே அல்அமீன் என்று அழைத்த நம் நாயகம் (ஸல்) அவர்களை. ஆயினும் மைசரா என்னும் பணியாளர் உடன் சென்றார். திரும்பி வந்து, தாம் கண்டதையெல்லாம் எஜமானியிடம் எடுத்துச் சொன்னார். அந்த விவரம் நாயகம் அவர்களின் கண்ணியத்தைக் கூட்டிற்றேயன்றிக் குறைக்கவில்லை.

பாராளுமன்றத்துக்கு நாம் அனுப்புகிறவரும் நம் முதலைக் கொண்டு தொழில் நடத்தும் கூட்டாளிதான். நம் வோட்டும் நம் வரிப்பணமும் அவர் கையிலுள்ள முதல். எந்த மசோதாவுக்கு எந்தப் பக்கம் நின்றார், சபைக்கு எத்தனை நாள் வந்தார், செலவென்று எவ்வளவு எடுத்தார் என்று கேட்க நமக்கு உரிமையுண்டு. இதுவரையில் வழக்கில்லை. சிக்கல் இதற்கப்பால்தான். பிறர் குறைகளைத் துருவித் தேடுவதைச் சூரத்துல் ஹுஜுராத் விலக்குகிறது. அப்படியானால் ஒருவருடைய ரசீதுகளை ஒவ்வொன்றாகப் புரட்டுவது கணக்குக் கேட்பதா, துருவித் தேடுவதா? எல்லை எங்கே?

இலண்டனில் நடந்த ஒரு விவகாரம் இதற்கு நல்ல பாடம். யார் எந்தப் பக்கம் வோட்டளித்தார் என்ற பட்டியலைக் காமன்ஸ் சபை 1836 முதல் தானே வெளியிட்டு வருகிறது. ஆனால் அங்கத்தினர்களின் செலவுச் சீட்டுகளை மட்டும் பூட்டியே வைத்திருந்தது. தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005 ஜனவரியில் அமலுக்கு வந்தபின், ஹெதர் புரூக் என்ற பெண் பத்திரிகையாளர் அவற்றைக் கேட்டார். சபை மறுத்து வழக்காடி, 2008 மே மாதம் உயர்நீதிமன்றத்தில் தோற்றது. அதன் பிறகும் இழுத்தடித்தது. இதற்குள் கணக்கு முழுவதும் வெளியே கசிந்து, 2009 மே 8 முதல் டெய்லி டெலிகிராப் பத்திரிகையில் நாள்தோறும் வெளிவரத் தொடங்கியது.

தூரத்துத் தொகுதிக்காரர்கள் இலண்டனிலும் தொகுதியிலுமாக இரண்டு இடங்களில் தங்கவேண்டியிருந்ததால், இரண்டாம் வீட்டுச் செலவைச் சர்க்கார் கொடுத்து வந்தது. சிலர் ஒரு வீட்டை இரண்டாம் வீடு என்று எழுதி, பொதுப் பணத்தில் அதைச் செப்பனிட்டுக்கொள்வர். பிறகு மற்ற வீட்டை இரண்டாம் வீடு என்று மாற்றி எழுதி, அதையும் செப்பனிட்டுக்கொள்வர். சரக்கு ஒன்றேயானாலும் இரண்டு கிட்டங்கியில் இருப்புக் காட்டும் வித்தை நம் தெருவிலும் தெரியாததன்று.

ஜூன் 18-ஆம் தேதி சபை தானே ஒரு பிரதியை வெளியிட்டது. அதில் விலாசங்கள் எல்லாம் கறுப்பு மையால் அழிக்கப்பட்டிருந்தன. காரணம் கேட்டால், பாதுகாப்பு, குடும்ப அந்தரங்கம் என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் விலாசம் மறைந்தால் வீடு மாற்றிய வித்தையும் மறைந்துவிடுமே! பத்திரிகையின் கையில் முழுக் கணக்கு சிக்கியிராவிட்டால் அது எவர் கண்ணிலும் பட்டிராது. விளைவு சிறிதன்று. சபாநாயகர் மைக்கேல் மார்ட்டின் பதவி விலகினார். 1695-க்குப் பிறகு அப்படி விலக நேர்ந்த முதல் சபாநாயகர் அவரே. ஏறக்குறைய 390 பேர் பத்து லட்சம் பவுனுக்கு மேல் திருப்பிக் கட்டவேண்டுமென்று முடிவாயிற்று. காமன்ஸ் சபையில் இருந்தவர்கள் நால்வர் 2011-இல் சிறை சென்றார்கள்.

இனி எல்லைக்கு வருவோம். கலீபா உமர் (ரலி) அவர்கள் கவர்னர்களை நியமிக்கும்போதே அவர்களின் சொத்தை எழுதி வைத்துக்கொண்டு, பின்னர் மிகையாகக் கண்டதைப் பொதுக் கருவூலத்தில் சேர்த்தார்கள். அதே உமர் (ரலி) அவர்கள் ஓர் இரவு ஒருவன் வீட்டில் குற்றம் நடப்பதாக எண்ணிச் சுவரேறிக் குதித்தபோது, நான் செய்தது ஒரு பிழை, நீங்கள் செய்தது மூன்று என்ற பொருள்பட அவன் சுட்டிக்காட்ட, அதை ஒப்புக்கொண்டு திரும்பியதாகவும் சொல்லப்படுகிறது. ஒரே மனிதரிடம் இந்த இரண்டும் இருந்தன.

ஸகாத் வசூலிக்கச் சென்ற ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுடையது, இது எனக்கு வந்த அன்பளிப்பு என்று பிரித்து வைத்தபோது, அவர் தம் பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அது வந்திருக்குமா என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டதைப் புகாரி ஷரீபில் காண்கிறோம். எல்லைக்கோடு இதுவென்றே எனக்குத் தோன்றுகிறது. பதவியில்லாமல் வீட்டிலிருந்தாலும் அவருக்கு வந்திருக்கக்கூடியது அவருடையது. அங்கே நமக்கு வேலையில்லை. பதவியால் வந்தது எதுவாயினும், அது வீட்டுக் கூரைக்குப் போட்ட ஓடானாலும், நம் பேரேட்டில் ஏறவேண்டியது. அந்த இலண்டன் விலாசங்களைத் தாங்களே பொதுப் பணத்தின் கணக்கில் எழுதிக் கொடுத்தவர்கள், பிறகு அதை அந்தரங்கம் என்பது எப்படிப் பொருந்தும்? அவர்களின் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்பது வேறு விஷயம்.

கணக்கைப் பெறுவதோடு வேலை முடிவதில்லை, படிக்கவும் தெரியவேண்டும். அந்த ஆண்டு உலகமே கைகொட்டிச் சிரித்தது 1,645 பவுன் விலைபோட்ட ஒரு வாத்துக் கூண்டைப் பார்த்து. உண்மையில் அந்தத் தொகை கொடுக்கப்படவேயில்லை, அலுவலகம் தள்ளிவிட்டது. வீடு மாற்றியவர்கள் எடுத்ததோ அதைவிடப் பன்மடங்கு. ஆனாலும் வாத்து வேடிக்கையாயிற்றே! சபையில் எத்தனை தடவை பேசினார் என்று எண்ணுவதும் இத்தகையதே. எண்ணிக்கை ஏறவேண்டுமென்பதற்காகவே சிலர் வீணாக எழுந்து பேசுகிறார்கள் என்று 2006-இல் இலண்டன் பத்திரிகையில் செய்தி வந்தது. கடையில் எத்தனை முறை மணி அடித்தது என்று எண்ணி லாபம் பார்க்கிற கணக்கப்பிள்ளையை நாம் வைத்துக்கொள்வோமா?

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதவேண்டும். 2021 அக்டோபரில், தொகுதி மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்த டேவிட் ஆமிஸ் என்ற அங்கத்தினரை ஓர் இளைஞன் கத்தியால் குத்திக் கொன்றான். சிரியா மீது குண்டு வீசச் சபையில் அவர் வோட்டளித்ததே காரணமென்று நீதிமன்றத்தில் சொன்னான். அவன் நம் மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டவன். இதனால்தான் வோட்டுப் பட்டியலை மூடிவைக்கவேண்டும் என்பாருமுண்டு. எனக்கு அது சம்மதமில்லை. பேரேட்டில் பற்று எழுதியிருப்பதைக் கண்டு கடன்காரனை வெட்டியவனுக்காகப் பேரேட்டைக் கொளுத்துவார்களா? அந்த வோட்டு பிடிக்காதவர்கள் அடுத்த தேர்தலில் தம் வோட்டால் அவரை இறக்கியிருக்கலாம். அதற்குத்தான் பட்டியல். ஆயினும் அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் வெட்கப்பட்டேன் என்பதைச் சொல்லாமலிருக்க முடியவில்லை.

இலண்டன் கதை போதும். கோலாலம்பூரில் நம் மக்களவையின் நடவடிக்கைகளும் அச்சாகி யாரும் படிக்கக் கிடைக்கின்றன. ஆனால் பெரும்பாலான தீர்மானங்கள் குரல் வோட்டிலேயே நிறைவேறிவிடுகின்றன. பதினைந்து அங்கத்தினர்களாவது எழுந்து நின்று கேட்டால்தான் தலையெண்ணிப் பெயர் பதிவாகும். 2020 டிசம்பரில் வரவுசெலவுத் திட்டம் 111-க்கு 108 என்று நிறைவேறியதே, அதுபோன்ற நாள்களில் நம் பிரதிநிதி எங்கே நின்றார் என்று தெரிந்துகொள்ளலாம். மற்ற நாள்களில் அவரையேதான் கேட்கவேண்டும். தேர்தல் சமயத்தில் எப்படியும் நம் கடைப்பக்கம் வருவார். தேத்தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துக் கேட்கலாம்.