வாசகத்தில் விடுபட்ட வசனம்



இன்று நவம்பர் 9, இலாத்தரன் பேராலய நேர்ந்தளிப்பு விழா. முதல் வாசகத்தில் இறைவாக்கினர் எசேக்கியேல் ஓர் ஆற்றைக் காட்டுகிறார். கோவில் வாயிலில் புறப்படும் தண்ணீர் கிழக்கே இறங்கிக் கடலில் சேர, அந்தக் கடல்நீர் நலம் பெறுகிறது. ஆனால் நாம் கேட்ட வாசகம் 9ஆம் வசனத்திலிருந்து 12க்குப் போய்விடுகிறது. வீட்டுக்குப் போனதும் 47ஆம் அதிகாரத்தில் 11ஆம் வசனத்தைப் படியுங்கள். சேற்று நிலமும் சதுப்பு நிலமும் மட்டும் நலம் பெறாமல் உப்புக்கென்றே விடப்படும் என்கிறார். அதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

நமக்கும் கிழக்கே போகும் ஆறு உண்டு. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் இருக்கன்குடியில் கூடுகின்றன. ஆடி மாதம் நம் இந்துச் சகோதரர்கள் மாரியம்மனுக்குப் பொங்கலிடும் இடம் அது. பெரும்பாலான மாதங்கள் மணலாய்க் கிடக்கும் ஆறு, ஐப்பசி கார்த்திகை மழையில் நம் ஓடைகளில் கிடப்பதையெல்லாம் வாரிக்கொண்டு வைப்பார் கிராமத்தருகே மன்னார் வளைகுடாவில் இறங்குகிறது. வைப்பார் முத்துக்குளித்துறையின் பழைய ஊர்களில் ஒன்று. 1530களில் திருமுழுக்குப் பெற்ற பரதவரின் வழிவந்தவர்கள் அந்தக் கரையில் வலை வீசுகிறார்கள்.

ஆறும் கடலும் கலக்கும் கழிமுகத்தில் கடவுள் பெரும் வேலை ஒன்றைச் சேற்றிடம் ஒப்படைத்திருக்கிறார். அலையாத்தி மரங்களின் மூச்சு வேர்களுக்கிடையே நீரோட்டம் தளர்கிறது, கலங்கல் படிகிறது, அதோடு ஒட்டிவந்த ஈயமும் செம்பும் துத்தநாகமும் படிகின்றன. காற்றுப் புகாத ஆழத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கடல்நீரிலுள்ள சல்ஃபேட்டைக் கொண்டு வாழ்கின்றன. அவை வெளிவிடும் வாயுதான் கழிமுகச் சேற்றில் அழுகிய முட்டை நாற்றமாய் வீசுகிறது. அந்த வாயுவே உலோகங்களைப் பிடித்து, நீரில் எளிதில் கரையாத சல்ஃபைடாகக் கட்டிவைக்கிறது. பட்டாசுத் தொழிலில் நம் ஊர்க்காரர்கள் நன்கறிந்த வெடியுப்பு இருக்கிறதே, அதிலுள்ள நைட்ரேட்டை வேறு நுண்ணுயிர்கள் நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றுக்கே திருப்பி அனுப்புகின்றன. மூக்கைப் பொத்திக்கொண்டு நாம் கடந்துபோகும் சேற்றில் இத்தனை நடக்கிறது. ஆண்டவரின் ஞானத்துக்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆனால் இந்தப் பணிக்கு எல்லை உண்டு. கட்டிவைத்த உலோகம் அழிந்துபோவதில்லை. சேற்றைத் தோண்டிக் காயவைத்தால் காற்றுப் பட்டு மறுபடி கரைந்து வெளியேறும். எண்ணெயை விரைவாகத் தின்ன நுண்ணுயிர்களுக்குக் காற்று வேண்டும். சேற்றின் ஆழத்தில் அது இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையில் 1969இல் ஒரு சரக்குப் படகு தரைதட்டி எண்ணெய் கொட்டியது. 30 ஆண்டுகள் கழித்துத் தோண்டிப் பார்த்தபோதும் அந்த எண்ணெய் சதுப்புச் சேற்றில் இருந்தது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, அலையாத்தியின் மூச்சு வேர்களிலும் மீனவர் படகுகளிலும் கறுப்பாய்ப் படிந்தது. மூச்சு வேர் அடைபட்டால் மரம் மூச்சுவிடுவது எப்படி? எசேக்கியேலின் அந்த 11ஆம் வசனம் இப்போது எனக்கு எச்சரிக்கையாகவே கேட்கிறது.

“எப்படியும் கடலில் போய்ச் சேர்ந்து கரைந்துவிடும்” என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். அது பொய். இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் இயேசு, கோவில் முற்றத்தை அசுத்தமாக்கிய வணிகத்தை அது நடந்த இடத்திலேயே நிறுத்தினார். நம் முற்றம் இங்கே, ஆற்றின் மேல்பக்கத்தில் இருக்கிறது.

கூலிக்கு உழைப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. பட்டாசு ஆலை முதலாளிகளே, போர்மேன்களே, அச்சக உரிமையாளர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். மீந்த மருந்தையும் கழுவிய தண்ணீரையும் மழையோடு மழையாக ஓடையில் விடாதீர்கள். தொட்டி கட்டித் தேக்குங்கள், சுத்திகரிக்கச் செலவழியுங்கள். வைப்பார் கரையில் நம்மைப் போலவே இன்று திருப்பலியில் நிற்கும் மீனவக் குடும்பங்களுக்காக இதைச் செய்யுங்கள். மழை தொடங்கிவிட்டது, அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.