உதிர்தலும் ஈதலும்

தலைமுடி தானே உதிரும்போது துயரமும், அதே முடியை ஒருசேர மழித்துக் கொடுக்கும்போது நிறைவும் மனிதருக்கு உண்டாவது ஏன் என்பது, மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அழகுணர்ச்சி பற்றிய வினாவாகத் தோன்றினாலும், உடலுக்கும் உயிருக்கும் உள்ள உறவை ஆராயும் பழைய சமய வினாவின் ஒரு கிளையே ஆகும். தாம்பரத்தைச் சுற்றியுள்ள சென்னையின் தென்புறநகரில் இவ்விரு மனநிலைகளும் அருகருகே வாழ்கின்றன. குன்றத்தூர் மலைமேல் உள்ள முருகன் கோயிலுக்கும் திருப்போரூர்க் கந்தசுவாமி கோயிலுக்கும் குடும்பத்தோடு சென்று மொட்டையடித்து, தலையில் சந்தனம் பூசித் திரும்பும் அதே மக்கள், சீப்பில் சுருண்டு வரும் முடியைக் கண்டு கலங்கி, எண்ணெயையும் தண்ணீரையும் மாற்றிப் பார்த்து, இறுதியில் மருத்துவரை நாடுகின்றனர். இரண்டிலும் நீங்குவது ஒரே பொருள். நீங்கும் முறையே வேறு. இவ்வேறுபாட்டை ஆராயப் புகுவோர் முதலில் முடியின் இயல்பை அறிந்துகொள்ள வேண்டும். இயல்பை அறியாமல் எழுப்பப்படும் தத்துவம் அச்சத்தின்மேல் கட்டப்பட்டதாகவே முடியும்.

மனிதத் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் உள்ளன. அவை ஒவ்வொன்றும் தோலுக்குள் இருக்கும் வேர்ப்பை என்னும் சிறு குழியிலிருந்து முளைக்கின்றன. வேர்ப்பை ஓயாமல் உழைப்பதில்லை. 2 முதல் 6 ஆண்டுகள் வரை முடியை வளர்க்கும் வளர்நிலை, 2 அல்லது 3 வாரங்களே நீடிக்கும் இடைநிலை, ஏறத்தாழ 3 மாதங்கள் நீளும் ஓய்வுநிலை என மூன்று நிலைகள் அதற்கு உண்டு. ஓய்வுநிலையின் முடிவில் பழைய முடி கழன்று விழ, அதே குழியிலிருந்து புதிய முடி எழுகிறது. எந்த நாளில் பார்த்தாலும் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழப் பத்தாயிரம் முடிகள், ஓய்வில் இருக்கும். அவை நூறு நாட்களில் கழல்வதாகக் கணக்கிட்டால் நாளொன்றுக்கு நூறு முடிகள் விழ வேண்டும். நாள்தோறும் 50 முதல் 100 முடிகள் வரை உதிர்வது இயல்பு என்று மருத்துவம் கூறுவதன் பொருள் இதுவே. வாரத்துக்கு ஒருமுறை தலைக்குக் குளிப்பவர் பல நாட்களின் உதிர்வை ஒரே நாளில் காண்பதால் அது மிகையாகத் தோன்றுகிறது. தோலுக்கு வெளியே நீண்டு தெரியும் முடி, கெரட்டின் என்னும் புரதத்தாலான உயிரற்ற இழை என்பதும், அதில் நரம்போ குருதியோ இல்லை என்பதும் இங்கே கருதத்தக்கவை.

இந்த இயல்பான உதிர்வு மிகுவதற்குக் காரணங்கள் பல. கடுங்காய்ச்சல், மகப்பேறு, அறுவைச் சிகிச்சை, பட்டினிக்கு ஒப்பான உணவுக் குறைப்பு, ஆறாத மனத்துயர் ஆகியவற்றுள் ஒன்று உடலை அலைக்கழிக்கும்போது, வளர்நிலையில் இருந்த வேர்ப்பைகள் பல ஒருங்கே ஓய்வுநிலைக்குச் சென்று, இரண்டு மூன்று மாதங்கள் கழித்து முடிகளைக் கொத்தாக உதிர்க்கின்றன. கைக்குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்று வீடுகளில் சொல்லப்படுவதுண்டு. காலத்தைச் சரியாகக் கண்டுகொண்ட அந்தக் கூற்று, காரணத்தை மட்டும் குழந்தையின் மேல் ஏற்றிவிட்டது. இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டு சுரப்பியின் கோளாறும் உதிர்வை மிகுவிக்கும். ஆண்களின் வழுக்கையிலும் பெண்களின் வகிடு அகல்வதிலும் பெரும்பங்கு வகிப்பது மரபுவழி; குறிப்பாக ஆண்களிடம், அம்மரபின் வழியே ஹார்மோன் வேர்ப்பையைச் சிறிது சிறிதாகச் சுருக்குகிறது. காசளவில் வட்டமாக முடி நீங்கும் புழுவெட்டில், பெயருக்கு மாறாகப் புழு எதுவும் இல்லை. உடலின் தற்காப்பு ஆற்றல் தன் வேர்ப்பையையே பகையெனத் தாக்குவதால் அது நேர்கிறது. புறநகர்வாசிகள் பெரிதும் குறைகூறும் ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீர், முடியை வறளவும் முறியவும் செய்யக்கூடுமாயினும், வேரோடு கழலும் முடிக்கு அதையே முதற்காரணமாகக் கொள்ளுதல் பொருந்தாது.

இக்காரணங்களை அறிந்த பின்னும், முடி கொட்டுவது முன்வினைப் பயன் அல்லவா என்ற ஐயம் சமய நம்பிக்கை உடையோரிடம் எழலாம். உயிர் நுகரும் இன்ப துன்பங்கள் பிராரத்தம், அதாவது இப்பிறவியில் நுகர்வதற்கென வந்த வினை, வழியாக அமைகின்றன என்று சைவ சித்தாந்தம் கொள்வது உண்மையே. ஆயினும் அதே சித்தாந்தம் ஒரு காரியத்துக்கு முதற்காரணம், துணைக்காரணம், நிமித்தகாரணம் என மூன்றை வகுத்து, குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்று விளக்குகிறது. குயவன் இருக்கிறான் என்பதனால் மண்ணின் பதத்தை ஆராயாமல் விடுவோர் இல்லை. வினையை நம்புபவரும் குருதியில் இரும்பு குறைந்திருப்பதை அறிந்து நிரப்பிக்கொள்வது அந்நம்பிக்கைக்கு முரண் ஆகாது. நோயுற்றவரைப் பாவம் செய்தவராகப் பார்ப்பதோ, தத்துவத்தைக் கருணையற்றதாக்கும் பிழையாகும்.

இனி, உதிர்ந்தது யாருடையது என்ற வினாவுக்கு வரலாம். சைவ சித்தாந்தம் 36 தத்துவங்களையும் அவற்றின் கூறுகளான 60 தாத்துவிகங்களையும் சேர்த்து 96 என எண்ணும்போது, நிலம் என்னும் பூதத்தின் கூறுகளாக மயிர், தோல், எலும்பு, நரம்பு, தசை ஆகிய ஐந்தைக் குறிக்கிறது. முடி மண்ணின் பங்கு. மண்ணுக்குத் திரும்புவது அதன் முறை. மெய்கண்டாரின் சிவஞானபோதம், மூன்றாம் சூத்திரத்தில், ஒருவர் ‘எனது உடல்’ என்று சொல்வதாலேயே சொல்பவர் உடலின் வேறானவர் என்பது விளங்கும் என வாதிடுகிறது. 1911 முதல் பல்லாவரத்தில் வாழ்ந்த மறைமலையடிகள் போன்றோரால் இருபதாம் நூற்றாண்டில் புத்துயிர் பெற்ற இச்சித்தாந்தத்துக்கு, தலைமுடியைவிட எளிய சான்று இல்லை: நாள்தோறும் நூறு இழைகளை இழந்தும் ‘நான்’ என்பதில் ஓர் இழையும் குறைவதில்லை.

தாம்பரம் சானடோரியத்தில் 2005இல் தொடங்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அயோத்திதாசப் பண்டிதரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சித்த மருத்துவராகவும் பௌத்தச் சிந்தனையாளராகவும் விளங்கிய அவர் தழுவிய பௌத்தமும் முடியையே முதற்பாடமாக வைக்கிறது. தேரவாத மரபில் துறவு புகும் இளைஞனுக்குத் தலை மழிக்கும் வேளையில் தலைமயிர், உடல்மயிர், நகம், பல், தோல் என்னும் ஐந்தையும் எண்ணித் தியானிக்கும் முறை சொல்லித் தரப்படுகிறது. சைவம் முடியைக் காட்டி அதன் உடைமையாளனாகிய உயிர் வேறு என்கிறது. பௌத்தமோ உடைமையாளன் என ஒருவனும் இல்லை என்கிறது. முடிவு எதிரெதிராயினும், முடியைத் தான் என்று கொள்வது மயக்கம் என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

தான் அல்லாத ஒன்றைத் தருவதில் பெருமை என்ன என்று இப்போது கேட்கலாம். குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் மானக்கஞ்சாற நாயனாரின் வரலாறு இதற்குத் தொடர்புடையது. மகளின் திருமண நாளில் மாவிரதி என்னும் துறவியாக வந்த சிவபெருமான், மயிரால் திரிக்கும் பூணூலாகிய பஞ்சவடிக்கு மணமகளின் கூந்தல் உதவும் என்று கூற, தந்தை சற்றும் தயங்காமல் அதை அரிந்து கொடுத்தார். இறையருளால் கூந்தல் மீண்டும் வளர்ந்தது என்பது வரலாறு. தனக்கு மிக அரியதைத் தருவதே ஈகை என்பது இதன் கருத்து. ஆயினும் கூந்தல் மகளுடையது, கொடுத்தவர் தந்தை என்பதை இன்றைய வாசகர் கவனியாமல் இருக்க முடியாது. கணவனை இழந்த பெண்களின் தலையைச் சில சமூகங்களில் கட்டாயமாக மழித்த கொடுமையோடு ஒப்பிட்டால், ஈகையை ஈகையாக்குவது கத்தியோ கோயிலோ அன்று, உடையவரின் இசைவே என்பது தெளிவாகும்.

முடியை நீக்குவதையும் இழப்பதையும் குறித்துப் பிற சமயங்களும் எண்ணியுள்ளன. ஹஜ் பயணத்தில் தலையை மழித்தலோ முடியைக் குறைத்தலோ கடமையை நிறைவு செய்யும் செயலாகிறது. மத்தேயு, லூக்கா நற்செய்திகள் தலையிலுள்ள முடிகளெல்லாம் எண்ணப்பட்டிருக்கின்றன என்று கூறி, அற்பமானதும் இறைவனின் கவனத்துக்குத் தப்பாது என ஆறுதல் அளிக்கின்றன. காணிக்கைக்குப் பின் முடி என்னவாகிறது என்ற வினாவும் எழுந்தது: திருப்பதி முடியால் செய்த பொய்முடிகளை யூதப் பெண்கள் அணியலாகாது என்று 2004இல் யூத மத அறிஞரான ரப்பி எலியாஷிவ் தீர்ப்பளித்தபோது, வேறொரு தெய்வ வழிபாட்டின் தொடர்பு அந்த இழைகளை விட்டு நீங்காது என்பதே அதன் அடிப்படை. கொடுத்தவரின் மனத்தில் நிகழ்வதே காணிக்கை என்று கருதுவோர்க்கு, ஏலத்தில் விற்கப்படும் முடி வெறும் பொருளே.

திருவள்ளுவர் மானம் என்னும் அதிகாரத்தில் தம் நிலையிலிருந்து தாழ்ந்தவரைத் தலையிலிருந்து வீழ்ந்த மயிருக்கு ஒப்பிட்டார். கூடாவொழுக்கத்திலோ, உலகம் பழிப்பதை விட்டவருக்கு மழித்தலும் நீட்டலும் வேண்டியதில்லை என்றார். முதலாவது முடிக்கு இடம் தரும் மதிப்பைச் சொல்ல, இரண்டாவது முடியால் அறம் கூடுவதும் குறைவதும் இல்லை என்கிறது. உதிர்வினால் வருந்துபவரின் துயர் இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது. மொட்டையடித்தவர் தாமே இசைந்து, ஊரும் உறவும் சூழ, மீண்டும் முளைக்கும் என்ற உறுதியோடு முடியைத் தருகிறார். உதிர்வைக் கண்டு கண்ணாடி முன் நிற்பவருக்கோ இசைவும் இல்லை, துணையும் இல்லை, உறுதியும் இல்லை. புற்றுநோய் மருந்தால் முடி கொட்டும் என்பதை முன்கூட்டியே அறிந்து தாமே மழித்துக்கொள்வோர், இழப்பை இசைவாக மாற்றிக்கொள்ளும் அறிவைப் புலப்படுத்துகின்றனர்.

ஆகவே முடி உதிர்வைக் குறித்த சமய நிலை, உடம்பைப் பேண வேண்டும் என்ற திருமூலரின் கொள்கையோடு தொடங்குவதே முறை. வட்டமாக முடி நீங்கினாலும், தலைத்தோலில் வலியோ புண்ணோ தழும்போ தோன்றினாலும், உதிர்வு ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்தாலும், சோர்வும் மூச்சிரைப்பும் சேர்ந்து வந்தாலும் மருத்துவரிடம் செல்வது கடமை. வேண்டுதல் அதற்கு மாற்று ஆகாது. காரணம் இருந்து தீரக்கூடியதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். மரபு எடுத்துக்கொண்டதை இசைந்து விட்டுவிடலாம். அவ்வாறு விடுவதும் ஈதலே.